பளிங்குப் பெண்ணின் சிமெண்டுக் கை

காலை எட்டு இருபது. கலைப்பொருள் பாதுகாப்புக் கூடத்தின் கதவைத் தள்ளித் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பாதம். சிலையின் மீதிப் பகுதி பிளாஸ்டிக் விரிப்புக்குள் இருந்தது. பளிங்குப் பாதத்தின் மேற்புறம் மஞ்சளாக இருந்தது. கட்டைவிரலில் மட்டும், ஐம்பது காசு அளவுக்கு, ரத்தச் சிவப்பு.

பாதத்தின் முன்னால் சல்மா குந்தி உட்கார்ந்திருந்தார். எங்கள் கலைக்கூடத்தில் கல், மரம், உலோகம் எதில் கறை பட்டாலும் அவரிடம்தான் போகும். கையில் பஞ்சு சுற்றிய குச்சி. பக்கத்தில் ஒரு வாளி வெள்ளைப் பசை தயாராக இருந்தது. கறை படிந்த இடங்களில் அப்பி, காயவிட்டு, உரித்து எடுத்தால் கறையும் கூடவே வந்துவிடும்.

"அலமாக், இது என்ன?" என்று மலாயில் கேட்டார். "துருக்கறை என்று நினைத்து மருந்தைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். துரு இப்படிச் சிவக்காதே."

மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். காரம் என்றார். சுண்ணாம்பு மாதிரியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று தமிழ் வீட்டில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரத்தித் தட்டில் பார்த்து வளர்ந்த சிவப்புதான் அது.

"சல்மா, இது மஞ்சள்."

"சமையல் மஞ்சளா? யாராவது இவள் காலில் கறியைக் கொட்டிவிட்டார்களா?"

"கொட்டவில்லை. பூசியிருக்கிறார்கள்."

பதிவுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். பொருளுக்கு எண் போடுவது, அளவெடுப்பது, படமெடுப்பது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கையேடு எந்த இடத்தில் நின்றுவிடுகிறதோ அந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தச் சிலைக்கு எங்களிடம் ஏற்கனவே ஒரு விளக்கச் சீட்டு இருந்தது. அதில் நான்கே வாக்கியங்கள். இத்தாலிய வேலைப்பாடு. விளைச்சல் தெய்வத்தின் உருவம். ரப்பர் தோட்ட மேலாளர் ஒருவரின் பங்களாத் தோட்டத்துக்காக வரவழைக்கப்பட்டது. தோட்ட நிறுவனம் அன்பளிப்பாக வழங்கியது.

நான்கும் உண்மை. ஆனால் மூன்றாவது வாக்கியத்துக்கும் நான்காவது வாக்கியத்துக்கும் நடுவே ஒரு மனித ஆயுள் அளவுக்குக் காலம் இருந்தது. இங்கே வருவதற்கு முன் நான் ஒரு தமிழ் நாளிதழில் நீதிமன்றச் செய்தியாளராக இருந்தேன். என் செய்திகளைத் திருத்திய உதவி ஆசிரியர் பிழைகளைப் பெரிதாகப் பொருட்படுத்தமாட்டார். இரண்டு உண்மையான வாக்கியங்களுக்கு நடுவே பேனாவை வைத்து, "இங்க என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்பார். பதில் இல்லை என்றால் செய்தி போகாது. நீங்கள் எழுதும் சீட்டுகளையும் அப்படிப் படித்துப் பாருங்கள். பொய்யான சீட்டைக் கண்டுபிடிப்பது எளிது. உண்மையான சீட்டில் இருக்கும் ஓட்டைதான் தப்பித்துவிடும்.

அன்று வியாழக்கிழமை. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அடுத்த வியாழன் புதிய கூடத்தின் திறப்பு விழா. சிலை வாசலிலேயே நிற்க வேண்டும், வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் ஏற்பாடு. அழைப்பிதழின் அட்டையில் அதன் படம் வெள்ளையாகவே அச்சாகிவிட்டிருந்தது.

நான் அவரிடம் பக்தியைப் பற்றிப் பேசவில்லை. இயக்குநர் நல்ல நிர்வாகி. அவரிடம் நிர்வாகமாகத்தான் பேச வேண்டும்.

"கறையை அடுத்த வாரமும் எடுக்கலாம்," என்றேன். "எடுத்த கறையை அடுத்த வாரம் திரும்ப வைக்க முடியாது."

அவர் சல்மாவைப் பார்த்தார். சல்மா தலையசைத்தார்.

"ஞாயிறு காலை வரை," என்றார் இயக்குநர். "அதற்குள் எனக்கு ஏதாவது காட்டு. இல்லையென்றால் பசை."

நெருக்கடி வரும்போது உங்களுக்குப் பத்து யோசனை தோன்றும். அவற்றில் எதைச் செய்தால் பின்வாங்க முடியுமோ அதை முதலில் செய்யுங்கள். பின்வாங்க முடியாததைக் கடைசியில் வையுங்கள். எங்கள் வேலையில் பெரும்பாலான சேதம் கெட்ட எண்ணத்தால் வந்ததில்லை. வரிசை மாறியதால் வந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் சிலை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று விசாரித்துத் தொலைபேசியில் கழிந்தது. சனிக்கிழமை காலை கூலாயைத் தாண்டி, பண்டார் தெங்காராவுக்கு முன்னாலேயே பிரியும் செம்மண் பாதையில் காரை விட்டேன். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய்ப்பனை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளும் இல்லை. பனைக்கு நடுவே ஒரு தகரக் கூரையும் மூன்று பக்கச் சுவரும் மட்டும் இருந்தன. உள்ளே ஒரு சிமெண்டுப் பீடம். பீடத்தின் மேல் ஒன்றும் இல்லை. அதன் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒருவர் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி அவர் காலடியில் கூட்டிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழம என்னோட நாளு. நீ எதுக்கு வந்து தூசியக் கெளப்புற?"

"நீ வடிக்கிற மெழுக யாரு சொரண்டுறது? ஒன் பொண்டாட்டியா வந்து சொரண்டுறா? காலத் தூக்கு."

அவர் பெயர் அருள்தாஸ். செனாய் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். பெண்மணி பாக்கியம், செனாயில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைப்பவர். இருவரும் இந்தத் தோட்டத்து லயனில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லி, கைபேசியில் சிலையின் மஞ்சள் பாதத்தின் படத்தைக் காட்டினேன்.

பாக்கியம் துடைப்பத்தைக் கீழே போட்டார். படத்தைத் தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எங்கம்மா வச்சிருக்கீங்க இவள?"

அவர்கள் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். கடைசித் துரை நாட்டைவிட்டுப் போனபிறகு பங்களா பாழடைந்தது. தோட்டத்தில் புதர் மண்டிக் கிடந்த சிலையை ஆட்கள் லயனுக்குக் கொண்டுவந்தார்கள். இந்துக்கள் அம்மன் என்றார்கள். கத்தோலிக்கர்கள் மாதா என்றார்கள்.

"சண்டை வரலையா?" என்று கேட்டேன்.

"வராம?" என்றார் அருள்தாஸ். "எங்கப்பாவும் இவ அப்பாவும் ஒரு மாசம் பேசிக்கல. அப்புறம் நாளு பிரிச்சுக்கிட்டாங்க. செவ்வா, வெள்ளி அவங்க. சனி நாங்க. மத்த நாளு யாருக்குக் கஷ்டமோ அவங்க."

"ஞாயித்துக்கெழம?"

"ஞாயிறு அவளுக்கு லீவு மேடம்."

பாக்கியம் சிரிக்கவில்லை. மஞ்சள் பூசியதையும் பொட்டு வைத்ததையும் சொன்னார். கம்பெனியிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வரும்போதெல்லாம் மரத்தடி, கல், கால்வாய் ஓரம் என்று எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார்களாம். அம்மனுக்கும் ஒரு வாளி அடித்தார்கள்.

"பளிங்குக்கா?" என்றேன்.

"பளிங்குன்னு யாருக்கும்மா தெரியும்? வெள்ளையா இருந்தா. இன்னும் வெள்ளையாக்குனோம்."

சிலையின் முதுகில் இருந்த சுண்ணாம்புப் படலம் எங்கிருந்து வந்தது என்று சல்மா ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருந்தார். அதற்கு விடை கிடைத்தது.

தோட்டத்தை விற்கும் சமயத்தில் கம்பெனி லோரி ஒன்று வந்தது. "கழுவிக் கொண்டாறோம்னு சொன்னாங்க," என்றார் பாக்கியம். "நாங்களேதான் தூக்கி ஏத்துனோம். கயிறு பத்தலன்னு என் சேலையக் குடுத்தேன், கட்டுறதுக்கு."

அதன்பிறகு பீடம் காலியாகவே இருந்தது. இப்போது கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சிலையைப் பார்த்ததே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கருங்கல் அம்மனை வரவழைத்து முறையாகக் கும்பாபிஷேகம் செய்யலாம் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

"வந்துருவா, வந்துருவான்னு சொல்லிச் சொல்லி நாந்தான் நிறுத்தி வச்சிருக்கேன்," என்றார் பாக்கியம். "இந்த ஆடிக்கு மேல என் பேச்சு எடுபடாதும்மா. புதுசு வந்து ஒக்காந்துட்டா, இவளுக்கு எடம் ஏது?"

"எனக்கு ஏது?" என்றார் அருள்தாஸ். "கருங்கல்லு அம்மனுக்கு முன்னாடி நான் வந்து மெழுகுவத்தி ஏத்துனா ஒத்துக்குவாங்களா?"

ஞாயிறு காலை இருவரையும் கலைக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அன்று மாலை என் பழைய பத்திரிகை நண்பர் வேறெதற்கோ அழைத்தார். புதிய கூடத்தில் என்ன விசேஷம் என்று போகிறபோக்கில் கேட்டார். காலியான பீடம், எரியும் விளக்கு, லோரியில் ஏறிய அம்மன், இத்தாலியப் பளிங்கு. முதல் பக்கச் செய்தி முழுதாக என் வாயில் இருந்தது. சொல்லியிருந்தால் மறுநாளே கலைக்கூட வாசலில் ஆள் கூடியிருக்கும்.

"திறந்தபிறகு வந்து பாருங்க," என்று மட்டும் சொன்னேன்.

இதைத் துணிச்சலின்மை என்று உங்களில் யாராவது நினைத்தால் நினைக்கலாம். செய்தி வந்துவிட்டால் ஒவ்வொருவரும் தான் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுவார்கள் என்பதைப் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். இயக்குநர் கலைக்கூடத்தைக் காக்க வேண்டியிருக்கும். நிறுவனம் வழக்கறிஞரைப் பிடிக்கும். கோயிலில் கருங்கல் கேட்பவர்களும் கொடி பிடிப்பார்கள். பாக்கியம் சொன்னது உண்மையா என்று யாரும் விசாரிக்கமாட்டார்கள். ஒரு கேள்விக்குப் பதில் தேவைப்படும்போது கூட்டத்தைச் சேர்க்காதீர்கள். பதில் வந்தபிறகும் கதவு திறக்காவிட்டால் அப்போது சேர்க்கலாம்.

ஞாயிறு காலை இருவரும் வந்தார்கள். அருள்தாஸ் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் இருந்தார். சல்மா பிளாஸ்டிக் விரிப்பை எடுத்தார். பாக்கியம் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்னால் நின்றார்.

"என்னடி, பொட்டக்கூட அழிச்சுட்டாங்களா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கை எங்கம்மா?" என்றார்.

சிலையின் வலது கை முழங்கையோடு நின்றிருந்தது.

இயக்குநர் மலாயில் பேசினார். பாக்கியமும் நல்ல மலாயிலேயே பதில் சொன்னார். இங்கே தமிழில் தருகிறேன்.

"அந்தக் கை எப்படி இருந்தது, அம்மா?"

பாக்கியம் தன் வலது கையை மடக்கி உயர்த்தி, உள்ளங்கையை வெளியே காட்டினார். அபயம் காட்டும் அம்மனின் கை. அருள்தாஸும் ஆமாம் என்று தலையாட்டினார்.

இயக்குநர் சிலையின் இடுப்பைச் சுட்டிக்காட்டினார். ஆடை மடிப்பின் மேல் மூன்று பளிங்கு விரல்நுனிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. உடைந்த கை இடுப்பில் ஊன்றியிருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. செதுக்கியவர் கையை இறக்கித்தான் வைத்திருக்கிறார்.

"இந்தக் கை என்றுமே உயர்ந்ததில்லை," என்றார் இயக்குநர். குரலில் கடுமை இல்லை. "இவர்கள் வேறு ஏதோ சிலையைச் சொல்கிறார்கள். பசையைத் தடவலாம்."

பாக்கியம் விரல்நுனிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் பொய் சொல்லல," என்று தமிழில் சொன்னார், யாரையும் பார்க்காமல்.

எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் சாட்சியை நீதிமன்றத்தில் நான் நம்பியதே இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்து வந்தவர் அப்படிப் பேசுவார். கண்ணால் பார்த்தவர் ஓர் இடத்திலாவது ஆதாரத்தோடு முட்டிக்கொள்வார். முட்டுகிற இடத்தில் சாட்சியைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால் நடுவே என்ன நடந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

நான் முழங்கையின் வெட்டுமுகத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு துளை. துளையைச் சுற்றித் துரு.

"சல்மா, இது சிலை வந்தபோதே இருந்ததா?"

"துளையில் ஒரு இரும்புக் கம்பி இருந்தது. கம்பியில் சிமெண்டுக் கட்டி ஒன்று. எனக்கு முன்னால் இருந்தவர் கழற்றியிருக்கிறார். பிற்காலத்து ஒட்டுவேலை, அழகைக் கெடுக்கிறது என்று."

"கழற்றியதை எங்கே போட்டார்?"

"நாங்கள் எதையும் எறிவதில்லை," என்றார் சல்மா, கொஞ்சம் கோபமாக. கிடங்குக்குப் போய் ஒரு மரப்பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

பெட்டிக்குள் ஒரு கை இருந்தது. முழங்கையிலிருந்து விரல் வரை சிமெண்டு. உள்ளங்கை விரிந்து நின்றது. விரல்கள் ஐந்தும் ஏறக்குறைய ஒரே நீளம், வாழைப்பழச் சீப்பு போல. நகங்களில் சிவப்பு நெயில் பாலிஷ்.

அருள்தாஸ்தான் முதலில் சிரித்தார். "ஐயோ, இது எங்க சித்தப்பா கைவேல மேடம்! கால்வா கட்டுற கொத்தனாரு. மனுச வெரல அவரு எங்க பாத்தாரு?"

பாக்கியம் பெட்டியின் முன் உட்கார்ந்துவிட்டார். ஒரு நகத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது நான் போட்டது. என் கல்யாணத்துக்கு வாங்குன பாலிஷ்," என்றார். "எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா இந்தக் கைதான். இதுக்கு முன்னாடி வேற கை இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

சல்மா கம்பியைத் துளையோடு பொருத்திக் காட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. உடைந்த கையைத் திரும்பச் செய்யவேண்டி வந்தபோது, அந்தக் கொத்தனார் இத்தாலியக் கையைச் செய்யவில்லை. அம்மனுக்கு எந்தக் கை இருக்க வேண்டுமோ அதைச் செய்தார். மாதாவுக்கும் அது பொருந்தியதால் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

இயக்குநர் குனிந்து, சிமெண்டு விரல்களையும் இடுப்பிலிருந்த பளிங்கு விரல்நுனிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சல்மாவிடம், "பசையை எடுத்துக்கொண்டு போ," என்றார். சிலை மஞ்சளோடும் சுண்ணாம்போடும் திறப்பு விழாவில் நிற்கும் என்பது அந்த நிமிடத்தில் முடிவானது. அழைப்பிதழ் படத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"அவள வீட்டுக்கு அனுப்புங்க."

பதிலை அவர் பூசி மெழுகவில்லை. அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். பொதுச் சேகரிப்பில் எண் ஏறிய பொருளைத் தன்னால் கொடுக்க முடியாது, குழு கூட வேண்டும், நீங்கள் விண்ணப்பம் கொடுங்கள், நானும் ஆதரித்து எழுதுகிறேன், ஆனால் ஆடிக்குள் நடக்காது, பல ஆடி ஆகலாம் என்றார். வேண்டுமானால் ஒரு நகல் செய்து தருவதாகச் சொன்னார்.

"நகல்னா? பிளாஸ்டிக்கா?" என்றார் அருள்தாஸ்.

"பிசின்," என்றார் சல்மா.

"பிளாஸ்டிக்தான் லா."

பாக்கியம் இவர்களைக் கவனிக்கவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "நகல் வேணாம்," என்றார். "இந்தக் கையக் குடுங்க. இது ஒங்க சாமானா? இது எங்க ஆளு செஞ்சது."

இயக்குநர் என்னைப் பார்த்தார். பதிவுப் பிரிவின் வேலை அந்த ஒரு பார்வையில் இருக்கிறது. ஒரு பொருள் நம்முடையதா இல்லையா என்று சொல்வது நீங்கள்தான். அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

"அதற்கு எண் இல்லை," என்றேன். "ஒட்டுவேலை என்று கழற்றியபோது யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. சிலை நம்முடையது. இது நம்முடையது என்று காட்ட எதுவும் இல்லை."

"அப்படியென்றால் இந்தப் பெட்டியில் நான் என்ன பார்க்கிறேன்?"

"சிமெண்டு."

அவர் லேசாகச் சிரித்தார். "சல்மா, படம் எடுத்துக்கொள். அளவும் எடுத்துக்கொள்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று அவர் அனுமதி கொடுத்தார் என்று நான் எங்கும் எழுதவில்லை. அவர் தடுக்கவில்லை என்பதுதான் உண்மை. எழுதும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விடாதீர்கள்.

சல்மா கையைப் பஞ்சில் சுற்றினார். பாக்கியம் அதன்மேல் தன் துண்டைச் சுற்றிக்கொண்டார். அருள்தாஸின் காரில் பின்னிருக்கையில் அதை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"கைக்கும் பெல்ட்டு போடு," என்றார் அருள்தாஸ். "போலீஸ் பிடிச்சா சம்மன் காசு நான் கட்டமாட்டேன்."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு, அவ பாத்துக்குவா."

சிலையின் விளக்கச் சீட்டை அந்த வாரமே திருத்தி எழுதினேன். நான்கு வாக்கியங்களில் ஒன்றையும் எடுக்கவில்லை. நடுவே சிலவற்றைச் சேர்த்தேன்: லயன், மஞ்சள், சுண்ணாம்பு, கொத்தனார், அம்மன், மாதா என்ற இரண்டு பெயர்கள், லோரி. கடைசியில், சிலையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் இருக்கிறது என்றும் எழுதினேன். அந்த வரி தேவையா என்று இயக்குநர் கேட்டார். உண்மைதானே என்றேன். வரி நின்றது. அது இன்றும் அங்கே இருக்கிறது. விண்ணப்பமும் குழுவின் முன் இருக்கிறது. நீங்கள்தான் இனி அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

அந்த ஆடிக்குக் கருங்கல் அம்மன் வாங்கவில்லை. கொத்தனார் வைத்திருந்த கம்பியிலேயே கையைப் பீடத்தில் நட்டார்கள். ஆடிப்பூரத்தன்று அதற்கு வளையல் போட்டார்கள். மணிக்கட்டு தடிமன் என்பதால் கடையில் இருந்ததிலேயே பெரிய அளவு வாங்க வேண்டியிருந்தது.